பத்து எண்ணும்வரை

மறுபடியும் இறங்கியது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. அவள் பிரேக் பெடல்மேல் பாதத்தை வைத்து, லேசாக அமுக்கி, அப்படியே வைத்திருந்தாள். நான்கு எண்ணும்வரை நின்றது. ஐந்தில் நழுவ ஆரம்பித்தது. ஒன்பதில் அடித்தட்டைத் தொட்டுவிட்டது.

இது ஆறாவது முறை.

"உன் காலுக்கு அப்படித் தோணுது" என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டார் அவள் கணவர். சொன்னதோடு விடவில்லை. தானே உட்கார்ந்து ஓங்கி மிதித்துக் காட்டினார். பெடல் அசையவில்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மூன்று நாள் காலையில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் நிற்கும் மட்டத்துக்கு நகப்பாலிஷால் கோடு போட்டாள். மூன்று நாளும் ஆயில் அந்தக் கோட்டிலேயே நின்றது.

ஆயில் ஒழுகவில்லை. பெடல் மட்டும் இறங்குகிறது. அப்படியென்றால் பைத்தியம் யாருக்கு?

முந்தாநாள் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் இப்ராகிம் பாய்க்குப் போன் போட்டாள்.

"வெளிய ஒழுகலைன்னா உள்ளயே ஒழுகுதுங்க்கா" என்றார் பாய். பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் தேய்ந்திருக்கும். ஓங்கி மிதித்தால் தெரியாது. இரண்டு தடவை அடித்து மிதித்தாலும் தெரியாது. லேசாக மிதித்து வைத்தால்தான் காட்டிக்கொடுக்கும். அதை மாற்றாமல் மலை இறங்கவே கூடாது. சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் ஏது?

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி ரேணுவுக்கு வளைகாப்பு. அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் அவள் கணவர் எழுந்து நின்று, மச்சினனுக்குத் தன் காரையே கொடுப்பதாகச் சொன்னார். ரேணு இந்த வாரமே அதில் அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்றார். ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா வீடு மலையடிவாரத்தில், சிறுமுகை. கோத்தகிரியிலிருந்து மலை முழுக்க இறக்கம்.

பாய் சொன்னதை அவரிடம் சொன்னாள். "நல்ல காரியம் நடக்கறப்ப அபசகுனமா பேசாத" என்றார்.

நேற்று கோயிலுக்குப் போய் வரும்போது, பக்கத்து சீட்டிலிருந்து முன்னாலிருந்த சாமி படத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு, பெடல்மேல் இருந்த அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டப். டப்.

ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை.

நல்ல பிரேக்கை எவன் இரண்டு தடவை மிதிப்பான்? பழக்கமாகவும் இருக்கலாம். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். தம்பியிடம் சொல்லிவிடலாம்தான். சொல்லி, அது தன் பிரமையாக இருந்துவிட்டால் சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் மானம் போய்விடும். சொல்லாமல் விட்டால் ரேணு இந்தப் பிரேக்கோடு மலை இறங்குவாள்.

வாசலில் பேச்சுக் குரல். அவள் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

தம்பி நவநீதன் வந்துவிட்டான். பின்னால் ரேணு, ஏழு மாத வயிறும் கை நிறைய வளையலுமாக. அவள் கணவர் காருக்குக் கற்பூரம் காட்டினார். பேப்பர் விரித்த அதே இடங்களில், நான்கு சக்கரத்துக்கும் அடியில், எலுமிச்சம்பழம் வைத்தார். ரேணுவைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். தானே வண்டியை எடுத்து, பழங்களை நசுக்கிக்கொண்டு கேட் வரைக்கும் கொண்டுவந்தார்.

அவள் கூடவே நடந்தாள்.

டப். டப்.

அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

"உக்காந்து மிதிச்சுப் பாரு மாப்ள."

நவநீதன் உட்கார்ந்து மிதித்தான். "கல்லு மாதிரி இருக்குதுங்க மாமா" என்றான்.

ரேணு கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் ஜன்னலருகே குனிந்தாள். "தம்பி, ஓங்கி மிதிக்காத. லேசா மிதிச்சு அப்படியே வச்சிரு. பத்து வரைக்கும் எண்ணு."

"நேரம் போகுது" என்றார் அவர்.

தம்பிக்கு விளையாட்டாக இருந்தது. சத்தமாகவே எண்ணினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு சொல்லவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"காலை எடுத்துட்டு ரெண்டு தடவை அடிச்சு மிதிடா, நின்னுரும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

நவநீதன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். அவள் பின்கதவைத் திறந்து ரேணுவின் கையைப் பிடித்து இறக்கினாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

எத்தனை நாளாக என்று அவள் அவரைக் கேட்கவில்லை.

போன மாதம் மகளை ஹாஸ்டலில் விட, மூன்று பேரும் இதே காரில்தான் மேட்டுப்பாளையம் இறங்கினார்கள். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வந்தாள். ரேடியோவில் பாட்டு ஓடியது.

அன்றைக்கும் வளைவுக்கு வளைவு அந்த டப் டப் கேட்டது.

அவர் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்து, அவளும் கூடவே பாடிக்கொண்டு வந்தாள்.