ஒரே ஒரு பச்சைப் பொத்தான்

பொத்தான் ஒன்றுதான் இருந்தது.

பச்சை நிறம். ‘ஒப்புதல்’ என்று எழுதியிருந்தது.

அவள் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். கீழ் மூலையைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

இன்னொரு பொத்தான் இல்லை.

பின்னால் இருநூறு பேர் வெறுங்காலோடு நின்றார்கள். பூஜை இப்போதுதான் முடிந்திருந்தது. ஆளுயரத் தொடுதிரைக்கு ரோஜா மாலை. விளிம்பில் சந்தனம், குங்குமம். யுபிஎஸ்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

மருந்துக் கம்பெனியின் மொத்த நிர்வாகமும் இனி ஒரே மென்பொருளில். மூலப்பொருள் வாங்குவதிலிருந்து லாரி கிளம்புவதுவரை. பதினோரு மாத உழைப்பு. பெயர் ‘சஞ்சீவி’. பெயர் வைக்க மட்டும் நான்கு கூட்டம் நடந்தது.

மனிதத் தவறுக்கு இனி இடமே இல்லை என்று எம்.டி. பேசி முடித்திருந்தார்.

நல்ல நேரம் பதினொன்றே முக்கால் வரை. இப்போது பதினொன்றரை.

தரப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அவள் தன் பெயரில் உள்ளே நுழைந்து கடவுச்சொல் போட்டாயிற்று. இனி எம்.டி. பச்சையைத் தொடுவார். கேட்டில் பாஸ் தானாக அச்சாகும். முதல் பேட்ச் வெளியே போகும். அங்கே லாரி நின்றது. அதற்கும் மாலை.

பேட்ச் 0417. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்.

கலக்கும் இயந்திரம் நடுவில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. யாரும் சொல்லவில்லை. மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். சில பாட்டிலில் மருந்தே இல்லை. சில பாட்டிலில் மூன்று பங்கு.

காலையிலேயே பிளான்ட் ஹெட் திருவேங்கடத்திடம் சொன்னாள்.

“நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படிப் பேசுற? எதுவா இருந்தாலும் சிஸ்டத்துல போடு. சிஸ்டம் பார்த்துக்கும்.”

போட்டாள். மூன்று சோதனை எண்களையும் போட்டாள். சிஸ்டம் அவற்றைச் சிவப்பில் காட்டியது. அழகாகத்தான் காட்டியது. அதற்குக் கீழே பச்சைப் பொத்தானையும் காட்டியது.

மென்பொருளை நிறுவிய அஸ்வத் பக்கத்தில் நின்றான். கோட்டு, டை, வெறுங்கால்.

“நிராகரிக்கணும்னா எங்க அமுக்கணும்?”

“ரிஜெக்டா?” அவன் குரலைத் தாழ்த்தினான். “அது இல்லையே மேடம்.”

“இல்லைன்னா?”

“உங்க மூணு வருஷ ரெக்கார்டைப் பார்த்துதானே டிசைன் பண்ணோம்? நாலாயிரம் பேட்ச். ஒண்ணைக்கூட நீங்க ரிஜெக்ட் பண்ணலையே.” குரலில் நிஜமான மரியாதை இருந்தது. “வேணும்னா ரிக்வெஸ்ட் போடுங்க மேடம். நாப்பத்தஞ்சு நாள்ல வந்துரும்.”



நாலாயிரம்.

தேறாததெல்லாம் மறுபரிசோதனைக்குப் போகும். தேறும்வரை போகும். ஒன்பதாவது முறை தேறிய மாத்திரைகூட உண்டு. காகிதத்தில் ஒன்பதாவது மட்டும் இருக்கும்.

கீழே அவள் கையெழுத்து.

மென்பொருளை ஏற்றுக்கொண்ட ஆவணம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதிலும் பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து. படித்ததாக ஞாபகம் இல்லை.

பொத்தானை மறந்தது அஸ்வத் இல்லை.

கை தானாக வெள்ளைக் கோட்டின் பைக்குள் போனது. லேபிள் இருந்தது. காலையில் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தது. தேறிய சரக்குக்குப் பச்சை லேபிள், தேறாததற்குச் சிவப்பு. பச்சை வாராவாரம் தீர்ந்துபோகும். சிவப்புச் சுருளின் உறையை இன்றைக்கு அவள்தான் முதன்முதலாகப் பிரித்தாள்.

எம்.டி. விரலை நீட்டியபடியே வந்தார். விரலில் புஷ்பராகம். போட்டோகிராபர் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

“மேடம், கொஞ்சம் நகருங்க. சார் மூஞ்சி மறையுது.”

அவள் நகரவில்லை.

சிவப்பு லேபிளின் முதுகை உரித்தாள். பச்சைப் பொத்தானின் மேல் ஒட்டினாள்.

ஒட்டவில்லை. பசை காய்ந்து எத்தனை வருஷமோ.

லேபிள் மெல்லச் சரிந்தது. கட்டைவிரலால் பிடித்தாள்.

நன்றாக அழுத்திப் பிடித்தாள்.

மணி ஒலித்தது.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை.

தொடுதிரை. மெல்லிய தாள். அடியில் பச்சை.

திரை முழுக்கப் பச்சையானது. ‘ஒப்புதல் அளித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர், இனிஷியலோடு. நேரம் 11:41. நல்ல நேரத்துக்குள்தான்.

இருநூறு பேரும் கைதட்டினார்கள். அந்தரத்தில் நின்ற விரலை மடக்கிவிட்டு, எம்.டி. கட்டைவிரலை உயர்த்தி போட்டோவுக்குக் காட்டினார்.

“சாரையே முந்திக்கிட்டியேம்மா!” திருவேங்கடம் லட்டுத் தட்டை நீட்டினார்.

“கேன்சல் பண்ணுங்க” என்றாள் அஸ்வத்திடம். கைதட்டலில் அது கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அதுவும் மூன்று வருஷ ரெக்கார்டில் இருந்திருக்காது.

கேட் பக்கம் லாரி உறுமியது.

அவள் கையைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டாத லேபிள், வியர்த்த கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அறை வாசலில் இருநூறு ஜோடிச் செருப்புகள் குவிந்து கிடந்தன.

அவள் தன்னுடையதைத் தேடவில்லை. வெறுங்காலோடு கேட்டைப் பார்த்து ஓடினாள்.