தாளம் பிசகாத கை

"ஆல்பம் அட்டையில டிரம்ஸ்னு போட்டு எதுக்குடா இவன் பேரு? சாஃப்ட்வேர் பேரைப் போடு. அதானே நேர்மை!"

லெஸ் இப்படிச் சொன்னதும் டாரிலுக்குக் கோபம் வரும் என்று கிளென் நினைத்தான். வரவில்லை. டாரில் சிரித்துக்கொண்டே பியர் கேனைத் திறந்தான்.

மூவரும் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா இரும்பாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். லெஸ் கிட்டார், கிளென் பேஸ் கிட்டார், டாரில் டிரம்ஸ். கிளப் கிளப்பாக வாசித்தே தலை நரைத்துவிட்டது. இப்போதுதான் முதல் ஆல்பம். கிளென் தன் கராஜில் பேஸை வாசித்துச் சேர்த்துவிட்டால் பாட்டு முடிந்தது. அட்டையும் அச்சுக்குப் போய்விடும்.

போன குளிர்காலத்தில் நிஜ டிரம்ஸை வைத்துத்தான் பதிவு செய்தார்கள். பாதிப் பாட்டுக்கு மேல் கிட்டார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் இழுத்தது. கேட்ட லெஸ் வெளிறிப் போனான்.

"என் கையாடா? என் கைன்னா இப்பவே சொல்லிடுங்க. கிட்டாரைப் பெட்டியில வெச்சு மூடிடறேன். அப்புறம் தொடமாட்டேன்."

"உன் கை இல்லடா. என் தோள்பட்டைதான். வயசாச்சு" என்றான் டாரில்.

அடுத்த மாதமே கம்ப்யூட்டரிலேயே டிரம்ஸ் ஒலியை உண்டாக்கும் சாஃப்ட்வேரோடு வந்து நின்றான். 'வேர்க்கப் பயந்தவனுக்குத்தான் அதெல்லாம்' என்று ஊரெல்லாம் கேலி பேசிய அதே டாரில்!

வெறுமனே வரவில்லை. அதிலிருந்த மூன்று டிரம்ஸ் ஒலித் தொகுப்புகளைப் போட்டுக் காட்டி, முதல் இரண்டுக்கும் ஒரு குறை சொன்னான்.

"இதுல ஸ்நேர் டிரம் பிஸ்கட் டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு. இது சர்ச்சுக்குள்ள இடி விழுந்த மாதிரி. இந்த மூணாவதைக் கேளு, நம்ம கிளப் ஹால்ல கேக்குற மாதிரியே இல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. நீ எதுக்குடா இனிமே?" என்று லெஸ் கேட்டான். அதற்கும் சிரிப்புதான்.

இன்னொரு கூத்தும் செய்தான். டிரம்ஸை முதலில் பதிவு செய்து, அதன்மேல் மற்றவர்கள் வாசிப்பதுதான் வழக்கம். டாரிலோ லெஸ்ஸைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கிட்டாரை முதலில் பதிவு செய்தான். டிரம்ஸை அப்புறம் உட்கார்ந்து சேர்த்தான். முதலில் சுவரைப் பூசிவிட்டுப் பிறகு செங்கல் வைப்பதுபோல.

கேட்டதும் லெஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. "மெஷினோட என் கை முடி அளவும் பிசகல பாரு! இந்த வயசுல! டேய் டாரில், உன்னாலதான் அன்னைக்குக் கெட்டுச்சு!"

"ஆமாடா, ஆமா."

இப்போது லெஸ்ஸும் டாரிலும் சாஸேஜ் சுடக் கராஜுக்கு வெளியே போய்விட்டார்கள். கிளென் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேஸை எடுத்தான்.

முதல் பாட்டின் நடுவிலேயே விரல் தடுமாறியது. டிரம்ஸ் பின்னால் இழுத்தது. மெஷின் எப்படி இழுக்கும்? இந்தச் சோம்பேறி இதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லையா? அவனிடம் கேட்காமலேயே, கம்ப்யூட்டரில் இருந்த அட்டையிலிருந்து டாரிலின் பெயரை அழித்தான். பிறகு டிரம்ஸ் பதிவைத் திரையில் விரித்தான்.

சீரான தாளத்தைக் காட்டும் கோடுகள் சம இடைவெளியில் நின்றன. டிரம்ஸின் அடிகள் அவற்றின்மேல் இல்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

எல்லா அடிகளையும் கோட்டில் உட்கார வைக்க ஒரு பொத்தான் போதும். அழுத்தினான். போட்டுக் கேட்டான்.

போன குளிர்காலம் அப்படியே திரும்பி வந்தது. அதே இழுபறி. ஆனால் இப்போது டிரம்ஸ் கல் மாதிரி நின்றது. தள்ளாடியது லெஸ்ஸின் கிட்டார்.

கிளென் அவசரமாகப் பழையபடி மாற்றினான். கிட்டாரின் அலையை டிரம்ஸுக்கு மேலே வைத்துப் பார்த்தான். லெஸ்ஸின் கை தாமதித்த இடத்திலெல்லாம் அடியும் தாமதித்திருந்தது. அவசரப்பட்ட இடத்தில் அதுவும் முந்தியிருந்தது. கை தளர்ந்த இடத்தில் அடியும் மெல்ல விழுந்தது. பாட்டுக்குப் பாட்டு, ஒவ்வோர் அடியும் டாரில் தன் கையால் நகர்த்தி வைத்தது.

நிஜ டிரம்ஸில் இது முடியாது. ஓர் அடியை நகர்த்தினால் அதோடு ஒலிக்கும் சிம்பல் தட்டின் ஓசை நடுவில் அறுந்துபோகும். சாஃப்ட்வேரில்தான் ஒவ்வோர் அடியும் தனித்தனி.

இத்தனை வருடம் பக்கத்தில் நின்று வாசித்தோமே, எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று கிளென் தன்னையே கேட்டுக்கொண்டான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. எவன் இருக்கிற குழுவில் நாம் வாசிக்கிறோம்!

அழித்த பெயரை மறுபடி அடித்தான்.

லெஸ் தட்டோடு எட்டிப் பார்த்தான். "என்னடா இது? மறுபடியும் இவன் பேரு? ஒரு அடியாவது அடிச்சானா?"

"சாஃப்ட்வேர் தானா அடிக்காது லெஸ். ஒவ்வோர் அடியையும் இவன்தான் வெச்சிருக்கான். இவன் பேருதான் வரும்."

கிளெனின் குரலில் இருந்த உறுதி லெஸ்ஸை யோசிக்க வைத்தது. "சரி, போட்டுத் தொலை. மெஷினை வெச்சாவது என்கூட ஒட்டி வந்துட்டானே!"

வாசலில் டாரில் சாஸேஜைத் திருப்பிப் போட்டான். அவன் கண் ஒரு கணம் கிளெனைத் தொட்டு விலகியது.

"இத்தனை வருஷமா அதானேடா என் வேலை."