இதைவிட மட்டமா ஒண்ணு இருக்கா?

"இந்த ஹெட்செட்டை மாத்திக் குடுங்க தம்பி. இதை வாங்கினதுலேருந்து நிம்மதியே இல்ல."

மேஜைமேல் வந்து உட்கார்ந்த பெட்டியைப் பார்த்ததும் விற்பனையாளனுக்குச் சுருக்கென்றது. கடையிலேயே உசத்தியான சரக்கு அது. போன வாரம் இதே அம்மாளிடம் அவன்தான் வாய் வலிக்கப் பேசி விற்றிருந்தான்.

"என்னம்மா, வேலை செய்யலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் செய்யுது. ஆனா என் பையன் விளையாட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிடறான். முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான். இப்போ அரை மணி நேரம்கூட இருக்கறதில்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து கிளப்ப ஏதாவது வழி உண்டா என்று கேட்டு, ஒரு நாளைக்கு நாலு அம்மாக்களாவது அவனிடம் புலம்பிவிட்டுப் போவார்கள்.

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. இதைப் போய்க் குறையா சொல்றீங்களே."

"இல்ல தம்பி, அவன் விளையாடணும். ஞாயித்துக்கிழமை அவனுக்கு லீவு. அதுக்குள்ள சரியா ஒண்ணு பார்த்து எடுத்துக் குடுங்க. இந்தத் தடவையும் பிடிக்கலேன்னா விளையாட்டையே விட்டுடுவான்."

விற்பனையாளனும் விளையாட்டுக்காரன்தான். வீட்டுக்குப் போனதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு போர்க்களத்தில் இறங்கிவிடுவான். மனைவி நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவான். அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது தினப்படி நடப்பதுதான். பிள்ளை விளையாட வேண்டுமே என்று கடை ஏறி வரும் ஒரு தாயை இப்போதுதான் பார்க்கிறான். அவனுக்கு மனசு இளகிவிட்டது.

நாலு பெட்டிகளைப் பிரித்து வரிசையாக வைத்தான்.

"இதைப் பாருங்க. நாள் பூரா மாட்டியிருந்தாலும் காது வலிக்காது."

"காதை விடுங்க. மைக் எப்படி?"

கடைக் கம்ப்யூட்டரில் செருகிக் கொடுத்தான். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். பதிவானதைத் திருப்பிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, உங்க குரல் கணீர்னு கேக்குதே?"

"என் குரல் கேக்குது. நான் பேசறப்போ உள்ளே உங்க முதலாளி போன்ல யாரையோ திட்டிக்கிட்டிருந்தாரே, அது எங்கே?"

"அதையெல்லாம் வடிகட்டிடும்மா. இதோட பெருமையே அதுதானே? பக்கத்துல நின்னு யார் கத்தினாலும் வெளியே போகாது."

"அப்போ வேண்டாம்."

அடுத்ததும் வேண்டாம். அதற்கடுத்ததும் வேண்டாம். நாலாவதைக் கழற்றி வைத்துவிட்டு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதைவிட மட்டமா ஒண்ணு இருக்கா தம்பி?"

பதினொரு வருஷமாக இந்தக் கடையில் குப்பை கொட்டுகிறான். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அடித்தட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான்.

பதிவானதைக் கேட்டபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். முதலாளியின் வசவு ஒரு எழுத்து பிசகாமல் விழுந்திருந்தது. நடுவில் அந்த அம்மாளின் குரல் எங்கேயோ மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதையே பையில போடுங்க."

ஓகோ, கதை இப்படிப் போகிறதா என்று விற்பனையாளன் நினைத்துக்கொண்டான். இந்த மைக்கோடு உட்கார்ந்தால் கூட விளையாடுகிறவர்கள் பத்தே நிமிஷத்தில் விரட்டிவிடுவார்கள். பையன் தானாகவே விளையாட்டைத் தலைமுழுகிவிடுவான். பழியும் அம்மா மேல் வராது. இவ்வளவு நேரம் இனிக்க இனிக்கப் பேசியதெல்லாம் இதற்குத்தானா?

சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. விளையாடக் கூடாதுன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. நல்லதை வாங்கித் தர்ற மாதிரி நடிச்சு, இப்படி ஒண்ணைப் பையன் தலையில கட்டறது நியாயமா? பெத்த பிள்ளைக்கு யாராவது இப்படிச் செய்வாங்களா?"

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

"பையன்கிட்ட நல்லதாவே ஒண்ணு இருக்கு தம்பி. இது எனக்கு."

"உங்களுக்கா? நீங்க விளையாடுவீங்களா?"

"எங்கே. அவன் சுடுன்னா சுடுவேன், ஓடுன்னா ஓடுவேன். முக்கால்வாசி நேரம் செத்துக் கிடப்பேன், அவன்தான் வந்து தூக்கி விடுவான்." சொல்லும்போதே அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "வேலை கிடைச்சு ரொம்பத் தூரத்துல தனியா ரூம் எடுத்து இருக்கான். போன் பண்ணா, சாப்பிட்டேன், நல்லாருக்கேன், அப்புறம் பேசறேன், அவ்வளவுதான். இந்த விளையாட்டுல மட்டும் ரெண்டு மணி நேரம் கூடவே இருப்பான். அதுக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

தான் பேசிய பேச்சை நினைக்க விற்பனையாளனுக்குக் கூசியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தலையைக் குனிந்தபடி ஹெட்செட்டைப் பையில் வைத்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. ஆனா, போன வாரம் வாங்கினது அருமையான மைக்காச்சே. அது ஏன் அவருக்குப் பிடிக்கல?"

"பழைய மைக்ல அவங்கப்பா தும்மறது, அவன் தங்கச்சி என்கிட்ட மல்லுக்கு நிக்கறது, குக்கர் விசில், எல்லாம் கேக்கும் தம்பி. அது உடைஞ்சு போய் உங்களோடதை மாட்டின அன்னிக்கு, 'என்னம்மா, வீட்ல யாருமே இல்லையா?'ன்னு கேட்டான்."