சீறாத ஒலி

வானொலியில் அந்த ஒலி விசில் போலச் சுத்தமாக வந்தது. அதுதான் ஹெய்மோவுக்கு உறுத்தியது.

வடக்கே வானம் பச்சையாகக் கொழுந்துவிட்டிருந்தது. ஃபின்லாந்தின் அந்தக் கடலோர ஊரிலிருந்து ஸ்காட்லாந்து வரை, வானொலிப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் ஆன்டெனாவைத் துருவ ஒளியை நோக்கித் திருப்பியிருந்தார்கள்.

அந்த ஒளியில் பட்டுத் திரும்பும் எதுவும் முழுசாக வந்து சேராது. பேச்சு கரைந்துவிடும். புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறிகளைத் தட்டினால் மட்டும், சூடான வாணலியில் நீர் தெளித்தாற்போல் ஒரு சீறல் கேட்கும்.

ஸ்வீடன்காரன் சீறினான். எஸ்தோனியாக்காரி சீறினாள்.

இதே ஊர்ப் பழைய நண்பன் அவுலிஸ் மட்டும் விசிலடித்தான்.

தட்டும் கை அவன் கைதான். கடைசிக் கோட்டை இழுக்கும் வழக்கம் நாற்பது வருடமாக மாறவில்லை. வசந்தத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவன், ஸ்காட்லாந்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன் என்று பிறகு ஓர் அட்டை போட்டான். அட்டையில் ஃபின்லாந்துத் தபால்தலை. அன்றைக்கே சந்தேகம் விழுந்தது.

இப்போதும் அங்கிருந்துதான் தட்டுவதாகச் சொல்கிறான்.

அவ்வளவு தூரத்திலிருந்து துருவ ஒளியில் பட்டுத்தான் வர முடியும்; அங்கிருந்து வந்தால் சீற வேண்டும். சீறவில்லை என்றால் பக்கத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

இருக்கும் இடத்தைப் பொய் சொல்கிறவனை ஊர் வானொலி மன்றத்தில் வைத்திருப்பதில்லை. பெயரை அடிக்க வேண்டிய செயலாளர் ஹெய்மோ.

"என்ன கிழவா, திருடன் ஆப்பிட்டானா?" சமையலறையிலிருந்து மனைவி துவோவி. "இல்ல, இன்னிக்கும் வானத்தோடதான் குடும்பமா? காப்பி ஆறுது."

ஹெய்மோ ஆன்டெனாவைத் திருப்பும் குமிழைப் பிடித்தார். இந்த நேரத்தில் யாரும் செய்யாததைச் செய்தார். ஆன்டெனாவை வடக்கிலிருந்து விலக்கினார்.

ஸ்வீடன் தேய்ந்தது. எஸ்தோனியா அடங்கியது. விசில் வளர்ந்தது.

தெற்கே, காதைத் துளைக்கும் இடத்தில் நிறுத்தினார். அகப்பட்டாய்.

ஜன்னல் வழியாக அதே திசையில் பார்த்தார். பனி மூடிய கூரைகள். பைன் மரங்கள். மரங்களுக்கு மேலே மருத்துவமனையின் மேல்மாடி, வரிசையாக விளக்குகள்.

அவர் தம்பி கடைசி மாதம் கிடந்த மாடி. அங்கிருந்து யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

விசில் மறுபடி கேட்டது, மெதுவாக, நடுவில் மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று: என் ஒலி எப்படி வருகிறது?

இதற்கு மூன்று குறிகளில் பதில் சொல்வது வழக்கம். முதல் இரண்டும் தெளிவுக்கும் வலுவுக்கும்; கடைசிக் குறி ஒலியின் தன்மைக்கு. சுத்தமாக இருந்தால் ஒன்பது. துருவ ஒளியில் பட்டு வந்திருந்தால், எண்ணுக்குப் பதில் ஒரு புள்ளி, ஒரு கோடு.

துவோவி காப்பியோடு வாசலில் நின்றாள். "எங்கதான் இருக்கானாம் அவன்?"

"ஸ்காட்லாந்துல. மக வீட்ல."

ஆன்டெனாவை வடக்கே திருப்பி வைத்தார்.

ஐந்து என்று தட்டினார். ஒன்பது என்று தட்டினார்.

பிறகு ஒரு புள்ளி, ஒரு கோடு.