கூட்டத்திலிருந்து ஒருத்தி

திறந்துவிட்டது.

அவள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

காலையிலிருந்து வெற்றுத் திரையைக் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்த இணையதளம். இப்போது கறுப்புப் பட்டு விலகுவது போல விலகியது. நடுவில் அவள் புருஷன் நின்றான். உள்ளங்கையில் நெருப்பு. கீழே பெரிய எழுத்தில், மேஜிக் ஷோ.

"மாமா! வந்துருச்சு!"

அவன் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தான்.

இணையதளத்துக்கான பெயரை அவள்தான் வாங்கினாள். அந்தப் பெயர் குடியிருக்க, ஹோஸ்டிங் என்று ஓர் இடத்தை வருஷ வாடகைக்குப் பிடித்ததும் அவள்தான். வீடியோ பார்த்துப் பார்த்து, அடுப்பில் ரசம் பொங்கி வழிய வழிய, ஒவ்வொரு பக்கமாகக் கட்டினாள்.

"விலாசம் ஊரெல்லாம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்னு சொன்னேன்ல? சேந்துருச்சு!"

அவன் திரையைத் தொடவே பயந்தான்.

"நானா அம்மிணி இது?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரரா?"

நுரை போன் மேல் சொட்டியது. இருவரும் சிரித்தார்கள்.

அவன் தன் போனை எடுத்து, தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பினான். கூடப் படித்தவர்கள். மண்டபக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு அழைத்திருக்கும் குடியிருப்புச் சங்கம்.

அவள் படங்கள் பக்கத்துக்குப் போனாள்.

சிரிப்பு நின்றது.

நான்கு படங்கள். ஒன்றையொன்று ஒட்டி, சதுரமாக.

அந்தியூர். தாராபுரம். காங்கேயம். பவானி.

நான்கு ஊர். நான்கு புடவை.

அந்தரத்தில் மிதக்கிற பெண் மட்டும் ஒருத்தி.

அவள்.

அவர்கள் பிழைப்பே அந்த ஐட்டத்தில்தான் இருந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் அவன் மேடையோரம் வந்து கேட்பான், தைரியமான அக்கா யாராவது வருவீங்களா என்று. கூட்டத்தில் எங்கோ ஒரு நாற்காலியில் அவள் கூச்சப்படுவாள். பக்கத்துப் பெண்கள் பிடித்துத் தள்ளுவார்கள். மேடையேறுவாள். அவன் பெயர் கேட்பான். அந்தியூரில் ஷோபனா. தாராபுரத்தில் கிரிஜா.

பிறகு மிதப்பாள்.

நம்மோடு உட்கார்ந்திருந்தவள்தானே என்று ஊர் வாய் பிளக்கும்.

அதற்காகத்தான் அவள் தனிப் பேருந்தில் போனாள். நிகழ்ச்சி முடிந்து அவனைச் சுற்றிச் செல்ஃபி எடுப்பார்கள். அவள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். கைதட்டலெல்லாம் ஷோபனாவுக்கும் கிரிஜாவுக்கும் போயிற்று.

படம் பொறுக்கும்போது அவன் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். கண் மூடியிருக்கிறதா, சிரிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று.

தன்னைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"அழிச்சிடறேன் மாமா. ஒரு நிமிஷம்."

அழிக்கும் பொத்தானைத் தேடினாள்.

அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் படத்தை அல்ல.

"சிரிச்சுக்கிட்டேவா பறக்கறே? மேடையில உன் மூஞ்சிய நான் பாத்ததே இல்லையே."

அவன் போன் அடித்தது. யாரோ, எந்தக் குழுவிலோ, அதற்குள் பார்த்துவிட்டார்கள். ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டான்.

பெருந்துறையிலிருந்து ஒரு பெண். பின்னால் ஒரு குழந்தையின் நச்சரிப்பு.

"ஏனுங்க, பாப்பாவுக்குப் பொறந்தநாளுங்க. உங்க வெப்சைட் இப்பத்தான் பாத்தோமுங்க. எல்லாப் படத்துலயும் ஒரு அக்கா பறக்கறாங்கல்லங்க, அவங்க உங்க ஆளுங்களா? அந்த அக்கா வந்தாத்தான் ஆச்சுன்னு பாப்பா குதிக்குதுங்க."

அவள் வேகமாகத் தலையாட்டினாள். இல்லை என்று சொல். கூட்டத்திலிருந்து வந்தவர் என்று சொல். எந்த ஊரில் யார் கேட்டாலும் அவன் சொல்லும் பதில்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அந்த ஐட்டம் போய்விட்டால் மிச்சம் சீட்டுக்கட்டும் ஒரு ஜோடிப் புறாவும்தான்.

அவன் திரையில் மிதந்தவளைப் பார்த்தான். கன்னத்தில் நுரை காய்ந்து செதிலாக ஒட்டியிருந்தது.

"எங்க ஆளுதானுங்க. பேரு பூங்கொடி. என்ற சம்சாரமுங்க. ரெண்டு பேரும் சேந்துதான் ஷோ பண்றோம்."

"கேட்டியா கண்ணு, அந்த அக்கா வர்றாங்களாம்!"

குழந்தை போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கரகரத்தது.

அவன் போனை வைத்தான்.

"போச்சு. இனி எந்தக் கூட்டத்துல கொண்டுபோய் என்னைய உக்கார வெப்பீங்க?"

கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரலில் கோபம் ஏறவில்லை.

அவன் அலமாரியிலிருந்து தன் மேடைக் கோட்டை எடுத்தான். கறுப்புத் துணி, சிவப்பு ஓரம். அவள் முதுகில் வைத்துப் பார்த்தான். கோட்டின் தோள் எங்கேயோ தொங்கியது.

தையல் மிஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துவந்தான்.

அந்தக் கோட்டுக்கு அளவெடுத்ததும் அவள், தைத்ததும் அவள். அவன் ஒருநாளும் அந்த டேப்பைத் தொட்டதில்லை.

"அசையாம நில்லு."

நின்றாள்.

தோளிலிருந்து தோளுக்குப் பிடித்தான். வாய்க்குள் ஏதோ கணக்கைச் சொல்லிக்கொண்டான். மறந்துவிட்டு, மறுபடி பிடித்தான்.

டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

அவள் சொல்லவில்லை.