விண்கலம் ஏன் அழுதது?

ராமபாணப் பூச்சிகள் கண்ட புத்தகத்தையும் தின்றுவிடும் என்று படித்தவர்களே நம்புவது வருந்தத்தக்கது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே கருத்துக்கு வராத புத்தகத்தை அவை தொடுவதே இல்லை.

நூலக அலமாரி ஒன்றில் தில்லைநாதன், வல்லி என்ற பூச்சித் தம்பதி வாழ்ந்தார்கள். மற்றதெல்லாம் தின்று தீர்ந்து, ஐந்து பாகங்கள் கொண்ட அறிவியல் மாயாஜால நாவல் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“மகா காவியம்!” என்றார் தில்லைநாதன்.

“விண்கலம் அழுவுது. மூணாம் பாகத்துல செத்த ராணி நாலாம் பாகத்துல தோசை சுடுறா. இதுவாங்க காவியம்?”

“இன்னொரு தடவை படி வல்லி, புரியும்.”

“ஒழுங்கா எழுதியிருந்தா ஒரு தடவையே போதுமே!”

சண்டை நீண்டது, பட்டினியும் நீண்டது. வல்லி இளைத்துப் போனதைப் பார்த்துத் தில்லைநாதனுக்கு மனசு கேட்கவில்லை.

“சரிம்மா, அது குப்பைதான். வா, சாப்பிடலாம்.”

வல்லி முதல் பாகத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

“அந்த விண்கலம் ஏன் அழுவுதுன்னு தெரியாம ஒரு எழுத்தைக்கூடத் தொட விடமாட்டேன்.”

அன்று மாலை இருவரும் பிறந்த அலமாரியை விட்டு முதன்முறையாக இறங்கினார்கள். எதிர் அலமாரியில் உள்ள சமையல் நூலில் இப்போது ரசம் முதல் பாயசம் வரையுள்ள பக்கங்கள் இல்லை.