மேசை ஆண்பால்

"மேசை ஆம்பள, விளக்கு பொம்பள, ஜன்னல் ரெண்டும் இல்ல. எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் மௌரீன்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் மேசையைத் தொட்டார். "டீ... டீ டிஷ்."

"டீ பொம்பளைக்கு. மேசை ஆம்பளல்ல? டேர் டிஷ்."

"மேசைக்கு என்ன மீசையா இருக்கு, ஆம்பளன்னு சொல்ல?"

மௌரீன் சிரித்துவிட்டாள். "அதை ஜெர்மன்காரங்களத்தான் கேக்கணும்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நர்ஸ் சீருடையில் ஓர் இளம்பெண்.

"ஜெர்மன் கிளாஸ் இங்கதானே ஆன்ட்டி? என் பேரு லாவண்யா. பொம்மனஹள்ளிலேர்ந்து வர்றேன்."

"பாடம் நடக்குதும்மா. செத்த உக்காரு, முடிச்சிட்டு வந்துடறேன்."

லாவண்யா சோபா நுனியில் உட்கார்ந்தாள். ஜெர்மனியில் வேலைக்குப் போகும் ஆசையில் மொழி படிக்கத் தொடங்கி, முதல் நிலைப் பரீட்சையிலேயே கோட்டை விட்டவள் அவள்.

"இப்ப, 'நான் மேசையைப் பார்க்கிறேன்'. சொல்லுங்க."

"இஹ் ஸேயே... டேர் டிஷ்."

"கிட்ட வந்துட்டீங்க. தமிழ்ல மேசைக்குப் பின்னாடி ஒரு 'ஐ' போட்டு மேசையைன்னு சொல்றோம்ல? ஜெர்மன்ல முன்னாடி நிக்கிற 'டேர்', 'டேன்'னு மாறிடும். விளக்குக்கும் ஜன்னலுக்கும் இந்தத் தொல்லையே கிடையாது. ஆம்பள மட்டும்தான் மாறணும். கிராமர்லயாவது மாறட்டுமே!"

லாவண்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் மண்டையைக் குழப்பிய விஷயம், மீன்குழம்புக்குப் புளி கரைப்பதுபோல இவ்வளவு சுலபமா?

அவர் மறுபடியும் டேர் என்றார். அப்புறம் டீ என்றார். கடைசியில் மேசையை ஓங்கித் தட்டினார். "எனக்கு வராது மௌரீன். விட்டுடு."

மௌரீன் கோபப்படவில்லை. தட்டிய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "வரும். இன்னொரு தடவை. எனக்காக."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் தயங்கித் தயங்கி அசைந்தன.

"இஹ்... ஸேயே... டேன் டிஷ்."

மௌரீன் குழந்தைபோலக் கைதட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு சின்ன வாக்கியத்துக்கு இத்தனை சந்தோஷமா என்று வியந்தபடியே லாவண்யாவும் கைதட்டினாள்.

"ஆன்ட்டி, இவ்வளவு பொறுமையா ஒருத்தர் சொல்லிக்குடுத்து நான் பார்த்ததே இல்ல. எங்க வார்டுல இருந்த பிரிஜெட் அக்கா, சிரில் சார்கிட்ட படிச்சுத்தான் ஜெர்மனி போனாங்க. பெங்களூர்லயே அவரை மாதிரி வாத்தியார் கிடையாதுன்னு சொல்லி இந்த அட்ரஸைக் குடுத்தாங்க. ஆனா, எனக்கு நீங்களே போதும். சார் வெளியில போயிருக்காரா? அவர் வந்ததும், நீங்களே எனக்குச் சொல்லிக்குடுக்கலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

மௌரீன் எழுந்து போய்க் கணவரின் தோளில் கைவைத்தாள்.

"இவர்தாம்மா உங்க சிரில் சார். ஸ்ட்ரோக் வந்தப்போ தமிழ் மிஞ்சிச்சு, ஜெர்மன் ஒரு வார்த்தை இல்லாம போயிடுச்சு. அதைத் திருப்பிக் குடுக்கணும்னுதான் போன வருஷம் நான் ஒரு கிளாஸ்ல போய்ச் சேர்ந்தேன்."